ஞாயிற்றுக்கிழமையும் பிரட்டா?



சனிக்கிழமை இரவானால் நம்முடைய லயங்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம். சிலர் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். சிலர் அணைத்தே விடுகிறார்கள். இன்னும் சிலர் போனைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "கண்டக்டர் ஐயா கோல் எடுத்தா, அம்மா தூங்கிட்டாங்கன்னு சொல்லு" என்று சொல்லி வைக்கிறார்கள். அம்மா அடுப்படியில் நின்று ரொட்டி தட்டிக் கொண்டிருப்பார். பிள்ளை போனை எடுத்து, "அம்மா தூங்கிட்டாங்க" என்று சொல்லும்.

பொய் சொல்லக் கூடாது என்று பாடசாலையில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள்தான். ஆனால் இந்தப் பொய்க்காக அந்தத் தாயையோ பிள்ளையையோ எங்களால் குறை சொல்ல முடியவில்லை. ஆறு நாள் மலையில் நின்றுவிட்டு ஏழாம் நாள் வீட்டில் இருப்பதற்கு ஒரு பெண் தூங்குவதாகப் பொய் சொல்ல வேண்டி இருக்கிறது என்றால், குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம்.

ஓய்வு நாளில் தோட்ட நிர்வாகம் தொழிலாளியைப் போனில் கூப்பிடலாமா? கூடாது என்பதே எங்கள் பதில். ஏன் கூடாது, எப்போது மட்டும் கூப்பிடலாம், கூப்பிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தப்பு, சங்கு, போன்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் விடியுமுன் தப்பு அடித்துப் பிரட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிறகு ஸ்டோரில் சங்கு ஊதினார்கள். தப்பும் சங்கும் கொடுமையான காலத்தின் சத்தங்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தப்பு எல்லாருக்கும் பொதுவாக அடித்தது. பேர் சொல்லி ஒருத்தியைக் கூப்பிடவில்லை. கோயில் திருவிழாவுக்குப் போனவள் காதில் விழவில்லை. டவுனுக்குச் சாமான் வாங்கப் போனவனைப் பின்தொடர்ந்து போகவில்லை.

போன் அப்படி இல்லை. ஆற்றில் துணி துவைக்கும்போதும் அடிக்கிறது, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதும் அடிக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், பார்த்தோமா இல்லையா என்பதும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுகிறது. "நீலக் கோடு விழுந்திருக்கு, பார்த்துட்டுத்தானே பேசாம இருந்தே?" என்று திங்கட்கிழமை பிரட்டில் கேட்கிறார்கள். போனை நாம் நம் காசில் வாங்கினோம். ரீலோடும் நம் காசில்தான் போடுகிறோம். ஆனால் அதிகாரம் அவர்களுடையதாக இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. ஒரு அக்கா தன் அப்பாவின் முப்பதாம் நாள் காரியத்துக்காகப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். ஞாயிறு காலை மூன்று தடவை கோல் வந்தது. படையலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பிரட்டுக்குப் போனார். அவருடைய வழக்கமான நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவரைக் கொழுந்து இல்லாத மலைக்கு அனுப்பினார்கள். அன்று அவருக்குக் கிலோ சேரவில்லை. அரைப்பேர்தான் விழுந்தது. "ஞாயிற்றுக்கிழமை வராததற்காகத் தண்டனை" என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று பிரட்டில் நின்ற எல்லாருக்கும் விளங்கியது. அடுத்த ஞாயிறு எல்லாருடைய போனும் முதல் மணியிலேயே எடுபட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பளத்துக்காகப் போராடிய கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பள சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தேயிலைத் தொழிலுக்கான சம்பள சபை அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது நம் தொழிலின் விதி. பெரியவர்கள் அதை "ஒன்றரைப் பேர்" என்று சொல்வார்கள். இது துரையின் தயவு இல்லை. நமக்கு முன் இருந்தவர்கள் வாங்கித் தந்த உரிமை.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாட்களே வாராந்த விடுமுறையாக இருந்தன. வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். கிழமை மாறியது, ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற கொள்கையை யாரும் எடுத்துவிடவில்லை. எந்தக் கிழமை என்பதைவிட, அந்த ஒரு நாள் நமக்கு முழுதாகக் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

சர்வதேச தொழில் அமைப்பு 1958இல் பெருந்தோட்டத் தொழிலாளருக்கென்றே ஓர் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. அதன் இலக்கம் 110. ஏழு நாளைக்கு ஒரு முறை, இடைவிடாமல் 24 மணித்தியாலத்துக்குக் குறையாத ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடு. "இடைவிடாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு கோல், பத்து மணிக்கு ஒரு கோல், மாலை நாளைய வேலையைப் பற்றி ஒரு செய்தி என்று வந்துகொண்டிருந்தால் அதை இடைவிடாத ஓய்வு என்று யார் சொல்வார்கள்?

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை தருகிறது, அதுவும் சம்பளத்தோடு. நமக்கோ ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாத நாள். பேர் விழுந்தால்தான் காசு. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை நம்மைக் கூப்பிடுகிறவர், தான் ஒரு சதமும் கொடுக்காத நேரத்தில் நம்மிடம் கணக்குக் கேட்கிறார். மாதச் சம்பளக்காரரை லீவு நாளில் கூப்பிடுவதே தவறு என்றால், நாட்சம்பளக்காரியைக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய தவறு.

உலகத்தில் வேறு இடங்களில் இதற்கென்றே சட்டம் வந்துவிட்டது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொழிலாளரைத் தொந்தரவு செய்யாதிருப்பது பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும். போர்த்துக்கல் 2021இல் வேலை கொடுப்பவரே கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்த பிறகு வரும் கோலை எடுக்க மறுக்கலாம், நியாயமில்லாத மறுப்பாக இருந்தால் மட்டும் பிரச்சினை. "அதெல்லாம் கம்பியூட்டர் முன்னால் இருக்கிறவர்களுக்கு" என்று சிலர் சிரிக்கலாம். கதிரையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கே ஓய்வு தேவை என்று அந்த நாடுகள் நினைக்கின்றன. கூடை சுமந்து, செங்குத்து மலையில் அட்டைக்கடியோடு நிற்பவளுக்கு அது வேண்டாமா?

கைக்காசுக் கணக்கு

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தல. ஞாயிற்றுக்கிழமை கைக்காசு இருக்குன்னு சொல்றோம், விருப்பம் உள்ளவங்க வர்றாங்க" என்று நிர்வாகம் சொல்கிறது. இதில் ஒரு பாதி உண்மை. கைக்காசு வேண்டும் என்று போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டும், சீட்டுக் கட்ட வேண்டும், கடைக் கடனை அடைக்க வேண்டும். அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஞாயிறு வேலையே கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் கணக்குப் பாடம் நடத்துகிறவர்கள் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். 2024 செப்டெம்பரில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஒன்றரைப் பேர் என்றால் 2,025 ரூபா. கைக்காசுக்குக் கிலோவுக்கு 50 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 20 கிலோ எடுத்தால் 1,000 ரூபா. வித்தியாசம் 1,025 ரூபா. பல இடங்களில் கைக்காசுக்கு ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். போடுவதில்லை. 1,350 ரூபாவுக்கு மட்டும் பார்த்தாலும், நிர்வாகம் போட வேண்டிய 12 வீதம் 162 ரூபா. ஈ.டி.எஃப். 3 வீதம் 40 ரூபா 50 சதம். ஒரு ஞாயிற்றுக்கு இவ்வளவு என்றால், மாதத்துக்கு நாலு ஞாயிறு, வருஷத்துக்கு எத்தனை என்று வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் கிலோவுக்கு என்ன விலையோ அதைப் போட்டுப் பாருங்கள்.

சில தோட்டங்களில் இதைவிடப் பெரிய வேலை நடக்கிறது. கிழமை நாட்களில் "இன்றைக்குக் கொழுந்து இல்லை, வேலை இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். புதன்கிழமை இல்லாத கொழுந்து ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வருகிறது? புதன்கிழமை எடுத்திருந்தால் முழுப்பேர் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் கிலோவுக்குக் காசு கொடுத்தால் போதும். அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் சனிக்கிழமை இரவு போன் அடிக்கிறது.

"விருப்பம் உள்ளவங்க" என்ற சொல்லையும் பார்ப்போம். வெள்ளிக்கிழமை பிரட்டில் எல்லாருக்கும் முன்னால் "ஞாயிறு வேலை உண்டு, சம்பளம் இவ்வளவு, வர விரும்புகிறவர்கள் பேர் கொடுங்கள்" என்று சொன்னால், அதற்குப் பெயர் விருப்பம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, நாளை உனக்கு மலை பிரித்துக் கொடுக்கப் போகிற அதே ஆள், உன் பேரைச் சொல்லி, "என்ன, நாளைக்கு வரலியா?" என்று கேட்டால் அதில் விருப்பம் எங்கே இருக்கிறது? மறுக்க முடிந்தால்தான் அது விருப்பம்.

"கொழுந்து காத்திருக்காது"

இது அவர்களுடைய பலமான வாதம். நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதற்கும் பதில் சொல்கிறோம். கொழுந்து காலத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தால் கொழுந்து கிடுகிடுவென்று வளரும். சுற்று தவறினால் முற்றிப் போகும், தரம் இறங்கும், ஸ்டோருக்கு நட்டம். தேயிலையோடு பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கொழுந்து காலம் திடீரென்று சனிக்கிழமை இரவு வருவதில்லை. வருஷா வருஷம் வருகிறது. எந்த மலைக்கு எந்த நாள் சுற்று வரும் என்று கண்டக்டரின் கொப்பியில் எழுதியே இருக்கிறது. ஏழு நாள் சுற்றைத் திட்டமிடத் தெரிந்தவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லத் தெரியாதா? கொழுந்து உண்மையிலேயே மிஞ்சி நிற்கிறது என்றால் வெள்ளிக்கிழமை பிரட்டில் சொல்லுங்கள். ஒன்றரைப் பேர் போடுங்கள். ஆள் வரும். கூப்பிடாமலேயே வரும்.

ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். ஆள் ஏன் குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும். லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். எங்களிடம் படித்துப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது பேசிப் பார்த்திருக்கிறோம். சம்பளத்தை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. "தோட்டத்துல நிம்மதியா ஒரு நாள் இல்ல சேர்" என்பதையும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையையும் பிடுங்கினால் மிஞ்சியிருப்பவர்களும் போய்விடுவார்கள். அப்போது யாருக்குக் கோல் எடுப்பார்கள்?

ஒரு நாளில் எத்தனை வேலை

ஓய்வு நாள் என்று சொல்கிறோமே, அந்த நாளில் நம் பெண்கள் ஓய்வாகவா இருக்கிறார்கள்? ஒரு கிழமைத் துணி துவைக்க வேண்டும். விறகு வெட்ட வேண்டும். தண்ணீர் வராத லயமென்றால் பீலிக்கு நாலு நடை நடக்க வேண்டும். டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். பிள்ளையின் தலையைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போக வேண்டும். படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்ட வேண்டும். இதெல்லாம் முடித்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் காலை நீட்டினால் அதுதான் ஓய்வு. அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் போன் அடிக்கிறது.

அம்மா போய்விட்டால் அந்த வேலையெல்லாம் என்ன ஆகிறது? மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஞாயிறு வகுப்பு வைக்கிறோம். பத்தாம், பதினோராம் தரத்துப் பெண்பிள்ளைகளின் இடம் காலியாக இருக்கிறது. கேட்டால், "அம்மா கைக்காசுக்குப் போயிட்டாங்க சேர், தம்பியைப் பார்க்க ஆள் இல்ல" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவமும் திறப்பதில்லை. நிர்வாகம் தாயைத்தான் கூப்பிட்டது என்று நினைக்கிறது. உண்மையில் ஒரு கோலில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தி மலைக்கு, இன்னொருத்தி அடுப்படிக்கு. இரண்டாமவளுக்குப் பேரும் இல்லை, காசும் இல்லை, கணித பாடமும் இல்லை.

நாலாம் தரத்துப் பிள்ளைகளிடம் "ஞாயிற்றுக்கிழமை" என்ற தலைப்பில் ஐந்து வசனம் எழுதச் சொன்னோம். கோயில், கிரிக்கெட், டவுனில் வாங்கித் தின்ற வடை என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை இப்படி எழுதியது: "ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மா வீட்டில் இருப்பார். போன் வந்தால் இருக்க மாட்டார்." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. சரி போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த இரண்டு வசனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பாடசாலையில் இல்லை.

நாங்களும் ஒத்துக்கொள்ள வேண்டியவை

பிறரைக் கேட்கும்முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினோம். அந்தப் பழக்கம் போகவில்லை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு, "நாளைக்குக் கட்டாயம் மட்டை கொண்டு வர வேண்டும்" என்று பெற்றோர் குழுவில் போட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் லயத்தில் மட்டை எங்கே கிடைக்கும்? எங்களுக்கும் வலயத்திலிருந்து இரவில் செய்தி வருகிறது என்பது உண்மைதான், ஆனால் அது சாக்காகாது. எங்கள் பாடசாலைக் குழுவில் இனிச் சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை, பாடசாலை பூட்டும் அறிவித்தல் தவிர வேறு செய்தி போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் யோசிக்க வேண்டும்.

சங்கத்தையும் கேட்பீர்கள். "கூட்டத்தை நீங்களும் ஞாயிற்றுக்கிழமைதானே வைக்கிறீங்க?" என்று ஒரு சகோதரி நேருக்கு நேராகக் கேட்டார். சரியான கேள்வி. கூட்டத்துக்கு வராதவருடைய பேரை நாங்கள் வெட்டுவதில்லை, மலையை மாற்றுவதில்லை. அந்த வித்தியாசம் பெரிது. இருந்தாலும் நேரம் நேரம்தான். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணித்தியாலம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று எங்கள் பகுதித் தலைவர்களிடம் கேட்டிருக்கிறோம். இழுத்தால் நீங்கள் எழும்பிப் போகலாம்.

இன்னொரு விஷயம். கோல் எடுக்கிற கண்டக்டரையோ கணக்கப்பிள்ளையையோ எதிரியாக நினைக்க வேண்டாம். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து துரைக்கு ஞாயிற்றுக்கிழமை கோல் வருகிறது. துரை சின்னத்துரைக்கு எடுக்கிறார். சின்னத்துரை கண்டக்டருக்கு, கண்டக்டர் கணக்கப்பிள்ளைக்கு, அவர் நமக்கு. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டோரில் வேலை செய்பவர்கள், மடுவத்துப் பொறுப்பாளர், வாகனச் சாரதி என்று எல்லாருக்கும் இதே தலைவலிதான். நாங்கள் கேட்கிற விதி வந்தால் அவர்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும். ஆகவே இந்தக் கோரிக்கையில் தோட்டச் சேவையாளர்களும் நம்மோடு நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

எப்போது கூப்பிடலாம்?

உயிர் ஆபத்து என்றால் நடுச்சாமத்திலும் கூப்பிடுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால், லயத்தில் தீப்பிடித்தால், சிறுத்தை நடமாட்டம் இருந்தால், ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக லொறி வேண்டுமென்றால் போன் அடிக்கட்டும். அதற்கு எந்தத் தொழிலாளியும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் மழை நாளில் மண் வெடித்திருக்கிறது என்று நாம் எடுக்கிற கோல் மட்டும் "பிறகு பேசுங்க" என்று வெட்டப்படுகிறது. கொழுந்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிற போன், உயிருக்கும் வேலை செய்யட்டும்.

நம் கோரிக்கைகள்

1. சனிக்கிழமை வேலை முடிந்ததிலிருந்து திங்கட்கிழமை பிரட்டு வரை, போயா நாளிலும் சட்டப்படியான விடுமுறை நாளிலும், வேலை சம்பந்தமாக எந்தத் தொழிலாளிக்கும் கோலோ செய்தியோ வரக் கூடாது. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து மட்டுமே விலக்கு.

2. ஞாயிறு வேலை இருந்தால் வெள்ளிக்கிழமை பிரட்டில் அறிவிக்க வேண்டும். எந்த மலை, எவ்வளவு சம்பளம் என்பதைப் பலகையில் தமிழில் எழுதிப் போட வேண்டும்.

3. ஞாயிறு வேலைக்கு ஒன்றரைப் பேர். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். கணக்கில் சேர வேண்டும். சம்பளச் சிட்டையில் தனியாகக் காட்ட வேண்டும்.

4. ஞாயிறு வராதவருக்குத் திங்கட்கிழமை மலை மாற்றுவது, நிரை மாற்றுவது, வேலை மறுப்பது கூடாது.

5. ஞாயிறு வேலை நடக்கிற நாளில் பிள்ளை மடுவம் திறந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்பவருக்கும் அதே ஒன்றரை.

இதற்குள் நாம் செய்ய வேண்டியது

சண்டை போட வேண்டாம். எழுதி வையுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். நாலு கோடு போடுங்கள்: திகதி, நேரம், யார் எடுத்தார், எதற்கு எடுத்தார். திங்கட்கிழமை உங்களுக்கு எந்த மலை கொடுத்தார்கள், எவ்வளவு பேர் விழுந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றால் அழிக்க வேண்டாம், அப்படியே படம் பிடித்து வையுங்கள். மாத முடிவில் கொப்பியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ காட்டுங்கள்.

ஒருவருடைய கொப்பியைக் காட்டினால், "அந்தப் பொம்பளைக்கு வேலை செய்ய மனசில்ல" என்று சொல்லிவிடுவார்கள். நாற்பது பேருடைய கொப்பியில் ஒரே சனிக்கிழமை இரவு, ஒரே நேரம், ஒரே ஆள் எழுதப்பட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. அதைத் துரையின் மேசையில் வைத்துப் பேசலாம். பேசித் தீராவிட்டால் தொழில் திணைக்கள உத்தியோகத்தரிடம் கொண்டு போகலாம்.

நடேச ஐயர் 1931இல் அட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தபோது, லயத்துக்குள் சங்கக்காரன் வருவதே குற்றமாக இருந்தது. அந்தக் கதவைத் திறந்தவர்கள் போன் இல்லாமல், பஸ் இல்லாமல், மலை மலையாக நடந்தவர்கள். இன்று நாம் கேட்பது அவ்வளவு பெரிய விஷயம்கூட இல்லை. ஆறு நாள் உங்களுக்கு, ஒரு நாள் எங்களுக்கு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியைக் கொண்டு வாருங்கள். கூட்டம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். பிறகு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுங்கள்.